ஹெலிகாப்டர் கதவைக் கழற்ற யார் அனுமதி தர வேண்டும்?

கேளம்பாக்கம், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு ஹெலிகாப்டர் சத்தம் புதிதல்ல. தாம்பரத்தில் விமானப் படைத் தளமே இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் சென்னையைச் சூழ்ந்தபோது, உணவுப் பொட்டலங்கள் ஹெலிகாப்டரில் இருந்துதான் போடப்பட்டன. ‘கதவைத் திறந்து வச்சுக்கிட்டே பறக்கலாமா?’ என்று அப்போது பலருக்கும் தோன்றியிருக்கும். பறக்கலாம். ஆனால், நினைத்தபடி முடியாது.

கதவைக் கழற்றினால் என்ன ஆகும்?

காற்று கேபினுக்குள் பாயும். மடியில் கிடக்கும் தொப்பியோ துணியோ வெளியே பறந்துபோய் வால் விசிறியில் சிக்கினால் ஹெலிகாப்டரே கட்டுப்பாட்டை இழக்கலாம். அதனால் கதவில்லாமல் பறக்கும்போது எந்த வேகத்தைத் தாண்டக் கூடாது என்று பறப்புக் கையேட்டில் தனி வரம்பு இருக்கும். இருக்கையை எடுத்துவிட்டு ஸ்ட்ரெச்சர் வைத்தாலும் அப்படித்தான். எடை மையம் நகரும். அவசரத்தில் வெளியேறும் வழி அடைபடலாம்.

யார் ஒப்புதல் தருவது?

தனியார் ஹெலிகாப்டர் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் (டிஜிசிஏ). தயாரிப்பாளரின் அசல் வடிவமைப்பில் இல்லாத பெரிய மாற்றத்துக்கு ‘எஸ்டிசி’ எனப்படும் துணை வகைச் சான்றிதழ் வேண்டும். மாற்றத்தால் வேறு எது பாதிக்கப்படும் என்பதைக் கணக்கு போட்டு, சோதித்துக் காட்டினால்தான் அது கிடைக்கும். ராணுவ ஹெலிகாப்டர்களுக்கு பெங்களூருவில் உள்ள செமிலாக் அமைப்பு சான்று தருகிறது.

இவ்வளவு கெடுபிடி எதற்கு?

2018 மார்ச் 11, நியூயார்க். புகைப்படம் எடுப்பதற்காகக் கதவு இல்லாமல் ஒரு சுற்றுலா ஹெலிகாப்டர் பறந்தது. பயணிகள் விழுந்துவிடாமல் இருக்க முதுகுப் பக்கம் கூடுதலாக ஒரு பட்டை மாட்டி, கேபினோடு கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பட்டை, தரையில் இருந்த எரிபொருள் நிறுத்தும் நெம்புகோலில் மாட்டி இழுக்க, இன்ஜின் நின்றது. ஈஸ்ட் ஆற்றில் இறங்கிய ஹெலிகாப்டர் கவிழ்ந்தது. வழக்கமான பெல்ட் போட்டிருந்த பைலட் அதைக் கழற்றித் தப்பினார். பட்டையை அவிழ்க்க முடியாமல் 5 பயணிகளும் மூழ்கி இறந்தார்கள்.

கதவில்லாமல் பறக்க அந்த ஹெலிகாப்டருக்கு அனுமதி உண்டு. பாதுகாப்புக்காகச் சேர்த்த பட்டைதான் முறையான ஒப்புதல் பெறாதது. சட்டென்று கழற்ற முடியாத கூடுதல் பட்டைகளோடு கதவில்லாமல் பறப்பதற்கு அமெரிக்க அரசு அதே மாதம் 22-ம் தேதி தடை விதித்தது.

நீங்கள் என்ன கேட்க வேண்டும்?

எங்காவது ஹெலிகாப்டரில் ஜாலி ரைடு போகிறீர்களா? ஏறும் முன் இரண்டே கேள்விகள்: ‘இந்த பெல்ட்டை நானே ஒரே இழுப்பில் கழற்ற முடியுமா? எந்தப் பக்கமாக வெளியே வரணும்?’ உட்கார்ந்ததும் ஒருமுறை கழற்றி, மாட்டிப் பாருங்கள். கழற்றத் தெரியாத பெல்ட்டோடு பறக்காதீர்கள்.