உங்களுக்குத் தெரியுமா? இரண்டு எண்களைப் பெருக்கப் பத்து விநாடி!

உலகிலேயே மிகப் பழமையான, இன்னும் ஓடுகிற அசல் டிஜிட்டல் கணினி இங்கிலாந்தில் இருக்கிறது. பெயர் ஹார்வெல் டெகட்ரான். பிறந்தது 1951. எடை 2.5 டன். ஒரு பெருக்கல் கணக்குக்கு 5 முதல் 10 விநாடி எடுத்துக்கொள்ளும்.

• ஹார்வெல் அணு ஆராய்ச்சிக் கூடத்தில், மேசைக் கணக்கு இயந்திரத்தோடு மல்லாடிய ஊழியர்களின் சுமையைக் குறைக்கச் செய்யப்பட்டது. அந்த ஊழியர்களில் ஒருவர் இதனோடு போட்டிக்கு உட்கார்ந்தார். அரை மணி நேரம் ஈடுகொடுத்தார். பிறகு களைத்து எழுந்துவிட்டார். இயந்திரம் பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது. வேகத்தில் அல்ல, சலிக்காமையில்தான் வென்றது!

• 828 டெகட்ரான் குழாய்கள். ஒவ்வொன்றிலும் ஆரஞ்சு நிறப் புள்ளி ஒன்று வட்டமாக நகரும். அது நிற்கும் இடம்தான் எண். நினைவகத்தில் இருப்பதை வெறும் கண்ணாலேயே படித்துவிடலாம். இன்றைய எந்தக் கணினியிலும் இது நடக்காது.

• 1957-இல் வுல்வர்ஹாம்ப்டன் கல்லூரிக்குப் போய், 1973 வரை மாணவர்களுக்குப் பாடம் நடத்தியது. பின்னர் பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தது. தன்னார்வலர்கள் பழுதுபார்த்து 2012 நவம்பரில் மறுபடி ஓடவிட்டார்கள்.

பார்க்க: தேசியக் கணினி அருங்காட்சியகம், பிளெட்ச்லி பார்க் வளாகம். அதே வளாகத்தில் போர்க்காலச் சங்கேத அருங்காட்சியகமும் உண்டு. அது வேறு, டிக்கெட்டும் வேறு. பலர் குழம்புவது இங்கேதான்.