சிறுவர் புற்றுநோய்: சிறு நிறுவனங்களுக்கு அரசுப் பணம் எதற்கு?

சிறுவர் புற்றுநோய்க்கு மருந்தோ கருவியோ உருவாக்க வரும் சிறு நிறுவனத்துக்கு முதல் தடை, வாங்குவோர் குறைவு என்பதுதான். உலகில் ஆண்டுக்குச் சுமார் 4 லட்சம் குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் புற்றுநோய் வருவதாக உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. அந்த எண்ணிக்கை பல வகைகளாகப் பிரியும்போது ஒவ்வொரு வகைக்கும் நோயாளிகள் சொற்பமே. போட்ட பணம் திரும்பாது என்று தனியார் முதலீட்டாளர்கள் ஒதுங்குகிறார்கள். அந்த இடத்தில்தான் அரசு வர வேண்டியிருக்கிறது.

அமெரிக்கா இதைச் சட்டமாகவே வைத்தது. 1982-ல் தொடங்கிய எஸ்.பி.ஐ.ஆர். திட்டத்தின்படி, வெளி ஆய்வுகளுக்குப் பெரிய நிதி வைத்திருக்கும் அரசுத் துறைகள் அதில் 3.2 சதவீதத்தைச் சிறு நிறுவனங்களுக்கு ஒதுக்க வேண்டும். பதிலுக்கு நிறுவனத்தில் பங்கு கேட்பதில்லை.

இந்தியாவில் இந்தப் பொறுப்பு 2012-ல் உருவான, மத்திய அரசின் பைராக் அமைப்புக்கு. அதன் ‘பிக்’ மானியம், யோசனையைச் சோதித்துப் பார்க்க 18 மாதங்களுக்கு 50 லட்சம் ரூபாய் வரை தருகிறது. மனிதர்களிடம் சோதனை என்று வந்துவிட்டால் அந்தத் தொகை எந்த மூலைக்கும் போதாது.

மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ராகுல் புர்வார் குழு உருவாக்கிய, ரத்தப் புற்றுநோய்க்கான கார்-டி சிகிச்சை இதற்குச் சாட்சி. நோயாளியின் ரத்தத்திலிருந்து டி-செல்களைப் பிரித்து, புற்றுச் செல்லை அடையாளம் காணும் மரபணுவை அவற்றில் புகுத்தி, ஆய்வகத்தில் பெருக்கி, மீண்டும் உடலில் ஏற்றுவார்கள். டாடா நினைவு மருத்துவமனையுடன் சேர்ந்து செய்த முதல்கட்டச் சோதனைக்கு, பைராக் நடத்தும் தேசிய உயிரிமருந்து இயக்கம் 19.15 கோடி ரூபாய் அளித்தது. மருத்துவமனைத் தரப்பில் அதை வழிநடத்திய கௌரவ் நருலா குழந்தைப் புற்றுநோய் மருத்துவர். ஐ.ஐ.டி.யிலிருந்து கிளைத்த இம்யூனோஆக்ட் நிறுவனத்தின் ‘நெக்ஸ்கார்19’ 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. அமெரிக்காவில் 3 கோடி ரூபாய்க்கு மேல் ஆகும் சிகிச்சை இங்கே சுமார் 40 லட்சத்துக்கு வந்தது. ஆனால் அந்த ஒப்புதல் 15 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே. ரத்தப் புற்றுநோய் அதிகம் தாக்கும் சின்னக் குழந்தைகள் வரிசையில் பின்னால் நிற்க நேர்ந்தது. பொதுப்பணம் தரும்போதே குழந்தைகளுக்கான சோதனையையும் நிபந்தனையாக்குவதுதான் நியாயம்.

எல்லாத் தேவையும் இவ்வளவு பெரிதல்ல. ரத்தப் புற்றுநோய்க்கான மெர்காப்டோப்யூரின் இந்தியாவில் நீண்ட காலம் 50 மில்லிகிராம் மாத்திரையாகவே கிடைத்தது. குழந்தையின் எடைக்கேற்ப அதை உடைத்தும் பொடித்தும் கொடுத்தார்கள். அளவு கூடும், குறையும். டாடா நினைவு மையமும் பெங்களூருவின் ஐ.டி.ஆர்.எஸ். லேப்ஸும் சேர்ந்து, தண்ணீர் கலந்து சிரிஞ்சால் அளந்து புகட்டும் ‘ப்ரிவால்’ மருந்தை 2024-ல் கொண்டுவந்தன.

தமிழ்நாட்டில், குற்றாலத்தின் ஐந்தருவிப் பக்கமோ தென்காசியிலோ ஒருவர் இப்படியொரு நிறுவனம் தொடங்க நினைத்தால், தமிழ்நாடு ஸ்டார்ட்அப் இயக்கத்தின் வட்டார மையம் திருநெல்வேலியில் இருக்கிறது. அந்த இயக்கத்தின் ‘டான்சீட்’ ஆதார நிதி பொதுவாக 10 லட்சம் ரூபாய். இந்தப் பணத்தில் புற்றுநோய் மருந்து வராது. கண்டறியும் கருவிக்கு முதல் மாதிரி செய்யலாம். விழித்திரைப் புற்றுநோய் பெரும்பாலும் 5 வயதுக்குள் வருவது. ஃபிளாஷ் வெளிச்சத்தில் கண்மணி வெள்ளையாகத் தெரிவது பல நேரம் அதன் முதல் அறிகுறி. அதைப் படமெடுத்துச் சொல்லும் எளிய கருவி கிராமச் செவிலியரின் கைக்கு வந்தால் கண்ணும் உயிரும் தப்பும். மாதிரியைச் சரிபார்க்க ஒரு கண் மருத்துவமனையின் துணை கட்டாயம் வேண்டும். அடுத்த கட்டத்துக்கு ‘பிக்’ மானியம். அதற்கான அழைப்பு வழக்கமாக ஜனவரி 1, ஜூலை 1 தேதிகளில் வெளியாகும்.