மலையில் பூசணம் பிடித்த இசைத்தட்டு: வாங்கலாமா, வேண்டாமா?

ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய வீடுகளிலிருந்தும் எஸ்டேட் பங்களாக்களிலிருந்தும் வரும் இசைத்தட்டுகளில், நான் பார்த்தவரை பாதிக்கு மேல் பூசணம் பிடித்தவைதான். வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், போதாததற்கு மூடுபனி. அட்டை உறை ஈரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கிறது. வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்ததும் 'இது போச்சு' என்று காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம் என்பதுதான் இந்தக் குறிப்பு.

முதலில் தர அளவுகோல். அமெரிக்காவின் கோல்ட்மைன் இதழ் பரப்பிய முறை இது. அங்கே ப்ளூகிராஸ் தட்டு விற்பவரும், இங்கே எக்கோ கம்பெனியின் இளையராஜா எல்.பி. விற்பவரும் இதையேதான் சொல்கிறார்கள்: மின்ட், நியர் மின்ட், வி.ஜி. பிளஸ், வி.ஜி., குட், புவர். 'குட்' என்றால் நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். ஊசி தாண்டாமல் ஓடும், கூடவே இரைச்சலும் ஓடும், அவ்வளவுதான். நியர் மின்ட் விலையில் வி.ஜி. பிளஸுக்குச் சுமார் பாதி, வி.ஜி.க்குக் கால்பங்கு என்பது பொதுக் கணக்கு. ஒரு படி இறங்கினாலே விலை பாதியாகிவிடும்.

வினைல் ஒரு பிளாஸ்டிக். பூசணம் பெரும்பாலும் அதைத் தின்பதில்லை. மேலே படிந்த தூசி, விரல் எண்ணெய், உறைக் காகிதம் இவற்றில் பிழைக்கிறது. அதனால் கழுவினால் போக வாய்ப்பு உண்டு. கீறலும் தேய்மானமும் போகாது. எது எது என்று பிரிப்பதுதான் வாங்குகிறவரின் வேலை.

ஒற்றை விளக்கின் கீழே தட்டைச் சாய்த்துப் பாருங்கள். பிறகு, முடிந்தால், ஓடவிட்டுக் கேளுங்கள். எல்.பி. நிமிஷத்துக்கு 33⅓ சுற்று, அதாவது ஒரு சுற்றுக்கு 1.8 விநாடி. 'டிக்' சத்தம் சரியாக 1.8 விநாடிக்கு ஒருமுறை வந்தால் அது பெரும்பாலும் கீறல். கணக்கில்லாமல் பொரிகிற மாதிரி வந்தால் தூசி, பூசணம். பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மட்டும் குரல் கரகரத்தால் பள்ளம் தேய்ந்திருக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் மாறாது.

கழுவுவதற்கு முன் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள்: அது வினைல்தானா? 78 சுழற்சித் தட்டுகள் பெரும்பாலும் அரக்கில் செய்தவை. கனமாக இருக்கும், வளையாது, விழுந்தால் உடையும். '60களுக்குப் பிந்தியது என்றால் வினைல்தான்' என்ற கணக்கு இந்தியாவில் செல்லாது. மின்சாரம் இல்லாத வீடுகளில் சாவி கொடுக்கும் கிராமபோன்கள் இருந்ததால், 1960களின் நடுவிலும் இங்கே 78 தட்டுகள் வந்துகொண்டிருந்தன. பீட்டில்ஸ் பாட்டுகள்கூட அப்படி வந்தன. இன்று உலகச் சேகரிப்பாளர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். வினைலுக்குப் பலர் சொல்லும் ஆல்கஹால் கலவை அரக்கைக் கரைத்துவிடும். தச்சர் அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துத்தானே பாலிஷ் போடுகிறார்! அரக்குத் தட்டைப் பூசணம் அரிக்கவும் செய்யும். கழுவினாலும் தழும்பு நிற்கலாம். ஆகவே அதற்கு விலை பேசும்போது பூசணத்தையும் சேதமாகவே கணக்கில் வையுங்கள்.

வினைலுக்குக் காய்ச்சி வடித்த நீர், ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். பள்ளத்தின் வழியே தேயுங்கள், குறுக்கே வேண்டாம். லேபிள் நனையக் கூடாது. கடைசியில் வெறும் நீரில் அலசி, நிற்க வைத்துக் காயவிடுங்கள். முகக்கவசம் போட்டுக்கொண்டு வெளியில் வைத்துச் செய்யுங்கள்; பூசணத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. ஈரம் போகட்டும் என்று கணப்புப் பக்கம் வைத்தால் தட்டு வளைந்துவிடும்.

காய்ந்த தட்டைப் பழைய உள்ளுறையிலேயே போட்டால் அடுத்த மழைக்குப் பூசணம் திரும்பி வரும். புது உள்ளுறையில் போடுங்கள். படம் போட்ட அட்டையை எறியாமல் தனியாக வையுங்கள், அதற்கும் விலை உண்டு. விற்கிறவராக இருந்தால் தட்டுக்கு ஒரு தரம், அட்டைக்கு ஒரு தரம் என்று தனித்தனியே எழுதுங்கள். 'கழுவியது' என்பதையும் சேர்த்து.