வெப்ப ஏற்றம்

கிணற்றின் ஆழத்தில் கிடக்கும் நீர் தானாக மேட்டு வயலுக்கு ஏறி வருவதில்லை. ஏற்றம் இறைப்பவர் நீரை உண்டாக்குவதும் இல்லை. பள்ளத்தில் உள்ளதை மேட்டுக்கு மாற்றுகிறார். அவர்தம் உழைப்பெல்லாம் அந்த மாற்றத்திற்கே செலவாகிறது. வெப்பத்திற்கும் இத்தகைய ஏற்றம் ஒன்று உண்டு. குளிர்நாடுகளில் ‘ஹீட் பம்ப்’ என்று வழங்கப்படும் பொறி, வெளிக்காற்றில் உள்ள வெப்பத்தை எடுத்து வீட்டினுள் சேர்க்கிறது. பனி உறையும் நாளின் காற்றில் வெப்பம் ஏது என்று கேட்கத் தோன்றும். குளிர்சாதனப் பெட்டி, தன்னுள் வைத்த பொருள்களின் வெப்பத்தை உறிஞ்சிப் பின்புறமாக வெளியேற்றுவதைக் கண்டவர்க்கு இதில் வியப்பு இராது. வேலை ஒன்றே, திசைதான் வேறு.

கருத்தளவில் இது பழையது. 1852ஆம் ஆண்டிலேயே வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டவர், கட்டடங்களைச் சூடேற்ற இவ்வழியைச் சுட்டிக்காட்டினார். இலண்டனில் 1951இல் திறக்கப்பட்ட ராயல் ஃபெஸ்டிவல் அரங்கிற்குத் தேம்ஸ் ஆற்று நீரிலிருந்து வெப்பம் இறைக்கும் முயற்சியும் நடந்தது. ஆயினும் பிரிட்டன் எரிவாயுவின் பக்கம் சென்றது. இன்று அந்நாட்டு வீடுகளில் மிகப் பெரும்பாலானவை எரிவாயுக் கொதிகலனால் சூடேறுபவை. 2050க்குள் கரிம உமிழ்வை நிகரச் சுழியமாக்குவது என்று சட்டம் இயற்றிய நாடு, இக்கொதிகலன்களை மாற்றியே ஆக வேண்டும். செலவை யார் ஏற்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

காற்றிலிருந்து வெப்பம் எடுக்கும் பொறியை ஒரு நடுத்தர வீட்டில் நிறுவ, தோராயமாக 12,000 பவுண்டு ஆகிறது. பழைய கொதிகலனுக்கு மாற்றாகப் புதிய கொதிகலன் வைக்க ஏறத்தாழ 2,500 பவுண்டு போதும். இவ்வளவு வேறுபாடு பொறியின் விலையால் மட்டும் வருவதன்று. பொறியோடு வீடும் மாற வேண்டியிருப்பதே முதன்மைக் காரணம்.

கொதிகலன் 70 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நீரை அனுப்ப வல்லது. வெப்ப ஏற்றமோ 45 பாகை அளவில் அனுப்பும்போதே சிக்கனமாக இயங்கும். ஆழமான கிணற்றில் இறைப்பவருக்கு உழைப்பு மிகுவதுபோல, நீரின் சூடு கூடக்கூட இதற்கு மின்சாரம் மிகுதியாகத் தேவைப்படும். அறை 20 பாகையில் இருக்க, சுவரோரத்து ரேடியேட்டர் 70 பாகையில் இருப்பின் இடைவெளி 50 பாகை. 45 பாகையில் இருப்பின் 25 பாகை. இடைவெளி பாதியானால் ரேடியேட்டர் வெளிவிடும் வெப்பமும் பாதியாகும் என எண்ணுவது இயல்பு. உண்மையில் அது ஐந்தில் இரண்டு பங்காகக் குறைந்துவிடும். ஆகவே, பல அறைகளில் பெரிய ரேடியேட்டர்களைப் பொருத்த நேரிடும். மெல்லிய குழாய்கள் உள்ள வீடுகளில் குழாய்களும் மாற வேண்டும். குளியலுக்கு உடனுக்குடன் வெந்நீர் தரும் சிறு கொதிகலன் வந்த பிறகு பலர் வெந்நீர்த் தொட்டியை அகற்றி, அவ்விடத்தில் அலமாரி அமைத்துக்கொண்டனர். இப்போது தொட்டி மீண்டும் வேண்டும். அலமாரி போக வேண்டும். நிலத்தடியிலிருந்து வெப்பம் எடுக்கும் வகைக்குத் தோண்டும் செலவும் சேர்வதால் தொகை இன்னும் பெரிது.

இச்செலவைக் குறைக்க இங்கிலாந்திலும் வேல்சிலும் 2022இல் மானியத் திட்டம் ஒன்று வந்தது. தொடக்கத்தில் 5,000 பவுண்டாக இருந்த மானியம், 2023 அக்டோபரில் 7,500 பவுண்டாக உயர்த்தப்பட்டது. மானியம் போக வீட்டார் தருவது சுமார் 4,500 பவுண்டு. புதிய கொதிகலனோடு ஒப்பிட்டால் 2,000 பவுண்டே கூடுதல். அத்தொகை திரும்பக் கிடைக்குமா?

எரிவாயு ஒரு யூனிட் 6 பென்ஸ், மின்சாரம் ஒரு யூனிட் 24 பென்ஸ் எனக் கொள்வோம். 2024ஆம் ஆண்டின் விலைகள் இவற்றை ஒட்டியே இருந்தன. ஆண்டுக்கு 10,000 யூனிட் வெப்பம் தேவைப்படும் வீட்டில், 85 விழுக்காட்டுத் திறனுடைய கொதிகலனுக்கு எரிவாயுச் செலவு ஏறத்தாழ 706 பவுண்டு. இணைப்புக்கான நிலைக்கட்டணம் சேர்த்தால் 816 பவுண்டு எனலாம். வெப்ப ஏற்றம் ஒரு யூனிட் மின்சாரத்திற்கு மூன்று யூனிட் வெப்பம் தருமாயின் செலவு 800 பவுண்டு. நான்கு யூனிட் தருமாயின் 600 பவுண்டு. முதல் வீட்டில் ஆண்டு மிச்சம் 16 பவுண்டு. 2,000 பவுண்டை மீட்க நூறாண்டு கடந்துவிடும். இரண்டாம் வீட்டில் மிச்சம் 216 பவுண்டு. ஒன்பது பத்து ஆண்டுகளில் மீண்டுவிடும். பொறியின் ஆயுள் பதினைந்து முதல் இருபது ஆண்டு. மானியமே இல்லையெனில், நன்கு இயங்கும் பொறிகூடத் தன் ஆயுளுக்குள் கூடுதல் செலவை மீட்டுத் தராது.

மூன்றுக்கும் நான்குக்கும் உள்ள வேறுபாட்டைப் பெரிதும் தீர்மானிப்பது பணியாளரின் கவனம். அறைதோறும் வெப்ப இழப்பை அளந்து, அதற்கேற்ற ரேடியேட்டரைத் தேர்ந்தால் 45 பாகை நீரே போதும். அளக்காமல் ஊகித்துப் பெரிய பொறியை வைத்தால், அது அடிக்கடி நின்று நின்று இயங்கி மின்சாரத்தை விழுங்கும். எனவே விலைப்பட்டியல்களுள் மிகக் குறைந்த தொகையைக் காட்டுவதே மலிவானது என்று கொள்வதற்கில்லை. ரேடியேட்டர் மாற்றத்தை விட்டுவிட்டு ஆயிரம் பவுண்டு குறைத்துக் காட்டுபவர், அக்குறைவை ஆண்டுதோறும் மின்கட்டணத்தில் வீட்டாரிடமே கட்டச் செய்கிறார்.

மின்சாரம் எரிவாயுவைப் போல நான்கு மடங்கு விலையில் இருப்பதும் இயற்கை விதியன்று. சூழல் நலத் திட்டங்களுக்கான வரிகளில் பெரும்பங்கு பல ஆண்டுகளாக மின்கட்டணத்தின் மீதே ஏற்றப்பட்டு வந்தது; தூய வழியில் சூடேற்ற முன்வருபவரே அதனால் மிகுதியாகச் செலுத்த நேர்ந்தது.

இதில் மிகவும் இடர்ப்படுவோர், விக்டோரியா காலத்துச் செங்கல் வீடுகளில் வாழும் எளியோர். இடைவெளியற்ற அச்சுவர்கள் வெப்பத்தைத் தாங்கி வைப்பதில்லை. காப்புறை போடத் தனியே ஆயிரக்கணக்கில் பவுண்டு ஆகும். கட்டணத்திற்கு அஞ்சிக் குளிர்காலத்தில் ஓர் அறையை மட்டும் சூடேற்றி வாழும் முதியோர்க்கு, 4,500 பவுண்டு என்பது மானியம் போக எஞ்சிய சிறுதொகையன்று. கையில் இல்லாத தொகை. வாடகை வீடாயின் முடிவெடுப்பவர் உரிமையாளர், மாதந்தோறும் கட்டணம் செலுத்துபவர் குடியிருப்பவர். நிறுவும் செலவு ஒருவருக்கும் அதன் மிச்சம் மற்றொருவருக்கும் உரியதாகையால், அத்தகைய வீடுகளில் பழைய கொதிகலனே இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.