பீட்டர் பார்க்கருக்குக் கல்யாணம் ஆச்சா, இல்லையா? - அமெரிக்க காமிக்ஸ் கடைகளில் ஒரு புதன்கிழமைப் பஞ்சாயத்து

'பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காது' என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். அமெரிக்காவில் சூப்பர் ஹீரோ காமிக்ஸ் படிப்பவர்களிடம் இதைச் சொன்னால் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார்கள். அவர்களுக்கு வாரம் பிறப்பதே புதன்கிழமைதான். அன்றுதான் புது இதழ்கள் கடைக்கு வரும்.

கடைக்காரர் அட்டைப்பெட்டிகளைப் பிரித்து, வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் தனித்தனிக் கட்டாக எடுத்து வைத்துவிடுவார். இதற்கு 'புல் லிஸ்ட்' என்று பெயர். "எனக்கு பேட்மேன், ஸ்பைடர்மேன், எக்ஸ்-மென்" என்று ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும், புது இதழ் வரும்போதெல்லாம் அவர் பெயரில் ஒரு பிரதி காத்திருக்கும். நம்மூர் மளிகைக்கடை நோட்டு மாதிரிதான். மாலையில் வேலை முடிந்து வருகிறவர்கள் கட்டை வாங்கியதும் வீட்டுக்குப் போய்விடுவதில்லை. "படிச்சாச்சா?" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "நான் இன்னும் பிரிக்கவே இல்லை, வாயைத் திறக்காதே" என்று இன்னொருவர் காதைப் பொத்திக்கொள்வார். கல்லூரி மாணவியும், பேரன் எடுத்தவரும் ஒரே அலமாரி முன் நின்று மல்லுக்கட்டுவார்கள். ஒரு இதழில் கதை இருப்பது 20 பக்கம் சொச்சம். படித்து முடிக்கக் கால் மணி நேரம் போதும். பேசித் தீர்க்கத்தான் அடுத்த புதன் வரை பத்தாது. தொடர்கதைக்காக வார இதழைக் கடை வாசலில் காத்திருந்து வாங்கிய தலைமுறைக்கு இந்தத் தவிப்பு புரியும்.

அந்தப் பேச்சில் எப்படிச் சுற்றினாலும் வந்து நிற்கிற விஷயம் ஒன்று உண்டு. அது சண்டைக் காட்சியோ, யார் பலசாலி என்பதோ அல்ல. ஒரு கல்யாணம்.

பீட்டர் பார்க்கர், அதாவது ஸ்பைடர்மேன், 1962-ல் பிறந்த பாத்திரம். அப்பா அம்மா இல்லாமல் பென் சித்தப்பா, மே சித்தி நிழலில் வளர்ந்த பள்ளிக்கூடப் பையன். அவனும் மேரி ஜேன் வாட்ஸனும் 1987-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள். அதைச் சாதாரணமாக நடத்தவில்லை. நியூயார்க்கின் ஷியா ஸ்டேடியத்தில், பேஸ்பால் பார்க்க வந்த கூட்டத்தின் முன்னால், வேஷம் போட்ட மணமக்களுக்கு ஸ்டான் லீயே முன்நின்று திருமணம் நடத்தி வைத்தார். அப்போது ஒரு காமிக்ஸ் விலை 75 சென்ட். இன்று அதே தடிமனுக்கு நான்கைந்து டாலர்.

20 வருஷம் அந்தக் குடும்பம் ஓடியது. வாடகைப் பிரச்னை, வேலைப் பிரச்னை, மனஸ்தாபம், சமாதானம் எல்லாம் இருந்தது. முகமூடியைக் கழற்றி வைத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனிடம் "ஏன் இவ்வளவு லேட்?" என்று கேட்க ஒருத்தி இருந்தாள். வாசகர்கள் கல்யாணம் செய்துகொண்டார்கள், அவர்கள் கூடவே ஸ்பைடர்மேனும் குடும்பஸ்தனாக இருந்தான்.

2007-ன் கடைசியில் வந்தது 'ஒன் மோர் டே' என்ற நான்கு பாகக் கதை. பீட்டருக்கு வைத்த குண்டு மே சித்தி மேல் பாய்கிறது. மருத்துவர்கள் கைவிரிக்கிறார்கள். மெஃபிஸ்டோ என்ற சாத்தான் வந்து பேரம் பேசுகிறான். "உன் சித்தியைப் பிழைக்க வைக்கிறேன். பதிலுக்கு உன் கல்யாணத்தைக் கொடு." புருஷனும் பெண்டாட்டியும் யோசித்து, சரி என்கிறார்கள். விடிந்தால் அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை. யாருக்கும் ஞாபகம் இல்லை.

வாசகர்களுக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. அங்கேதான் வம்பு.

அப்போது மார்வெலின் தலைமை ஆசிரியராக இருந்தவர் ஜோ கெஸாடா. அந்தக் கதைக்குப் படம் வரைந்ததும் அவரே. கல்யாணமான ஸ்பைடர்மேன் வயதானவனாகத் தெரிகிறான், விவாகரத்து செய்ய வைத்தால் அது இன்னும் வயதானவனாகக் காட்டும் என்பது அவர் தரப்பு வாதம். இதைச் சும்மா தள்ளிவிட முடியாது. 60 வருஷமாக ஓடுகிற கதையில் நாயகனுக்கு நரை விழக்கூடாது என்றால் எங்கேயாவது கடிகாரத்தை நிறுத்தத்தான் வேண்டும். ஆனால், நிறுத்திய விதம்தான் ரசிகர்களுக்குத் தொண்டையில் முள்ளாகச் சிக்கிவிட்டது. ஊருக்காக உயிரைக் கொடுக்கத் துணிகிறவன் சாத்தானிடம் பேரம் பேசலாமா? 'பேரக் கல்யாணம்கூடப் பார்க்கிற வயசு எனக்கு, என்னை விட்டுவிடு' என்று மே சித்தியே சொல்லியிருக்க மாட்டாளா? கதையை எழுதிய ஜே.மைக்கேல் ஸ்ட்ராஸின்ஸ்கியே அந்த முடிவில் தனக்கு உடன்பாடில்லை என்பதை வெளிப்படையாகச் சொன்னார்.

அன்றிலிருந்து 'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' புது இதழ் வருகிற புதன்கிழமைகளில் எல்லாம் இந்தப் பஞ்சாயத்து கூடுகிறது. 2022-ல் தொடர் மறுபடி முதல் எண்ணிலிருந்து ஆரம்பித்தபோது, மேரி ஜேன் வேறொருவனோடு குடும்பம் நடத்துவதாகக் காட்டினார்கள். இரண்டு குழந்தைகள் வேறு. அந்த ஆளின் பெயர் பால். பெயர்தான் பால், ரசிகர்களுக்கு அவன் விஷம். எந்த வில்லனும் வாங்காத திட்டை அந்த அப்பாவி வாங்கிக்கொண்டிருக்கிறான்.

பேச்சுக்கு ஒரு விலை

இதெல்லாம் வேலையற்ற பேச்சு என்று தோன்றலாம். அப்படியில்லை. அந்தப் பேச்சை நம்பித்தான் கடைக்காரர் அடுப்பு எரிகிறது.

ஒரு காலத்தில் அமெரிக்காவில் காமிக்ஸ் பெட்டிக்கடையிலும் மருந்துக்கடையிலும் விற்றது. விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1970-களில் ஃபில் ஸூலிங் என்ற புரூக்ளின் பள்ளி ஆசிரியர் பதிப்பகங்களோடு வேறு ஏற்பாடு செய்தார். தள்ளுபடி விலையில் நேரடியாக வாங்கிக்கொள்வது, ஆனால், மீந்ததைத் திருப்பித் தருவதில்லை. அதிலிருந்துதான் காமிக்ஸுக்கென்றே தனிக் கடைகள் பெருகின. ஆதாயமும் கடைக்காரருக்கு, மீந்த கட்டும் கடைக்காரர் தலையில்.

எத்தனை பிரதி வேண்டும் என்று இதழ் வருவதற்குப் பல வாரங்கள் முன்பே அவர் சொல்லியாக வேண்டும். பத்து அதிகமானால் நஷ்டம். பத்து குறைந்தால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். எனவே, கல்லாவில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருப்பார். "இந்தக் கதை போரடிக்குது, அடுத்த மாசம் வேணாம்" என்று நான்கு பேர் சொன்னால் ஆர்டரில் நான்கு குறையும். நாடு முழுக்க இப்படிக் குறைந்தால், புதிதாக ஆரம்பித்த தொடர் ஐந்தாறு இதழிலேயே மூச்சை நிறுத்திவிடும். "பிடிச்சிருந்தா முன்கூட்டியே சொல்லி வைங்க, இல்லாட்டி செத்துடும்" என்று ரசிகர்கள் ஒருவரையொருவர் கெஞ்சுவது இதனால்தான்.

ரசிகர் பேச்சு நிஜமாகவே ஒரு உயிரை எடுத்ததும் உண்டு. 1988-ல் டி.சி. நிறுவனம் பேட்மேனின் சீடன் ராபினை, அதாவது இரண்டாவது ராபினான ஜேசன் டாட்டை, வெடிவிபத்தில் விட்டுவிட்டு, இரண்டு தொலைபேசி எண்களைக் கொடுத்தது. பிழைக்க ஒரு எண், சாக ஒரு எண். ஒரு அழைப்புக்கு 50 சென்ட், 36 மணி நேரம் கெடு. சாகட்டும் என்றவர்கள் 5,343. பிழைக்கட்டும் என்றவர்கள் 5,271. 72 அழைப்பு வித்தியாசத்தில் அந்தப் பையனைக் கொன்றார்கள். பிழைத்திருந்தால் வந்திருக்க வேண்டிய பக்கத்தையும் வரைந்து வைத்திருந்தார்கள். 35 வருஷம் கழித்து, 2023-ல் 'ராபின் பிழைத்தான்' என்று அதையும் அச்சிட்டு விற்றுவிட்டார்கள். வியாபாரிகள்!

2020-ல் கொரோனா வந்தபோது அந்தப் புதன்கிழமையே காணாமல் போனது. அப்போது நாட்டின் காமிக்ஸ் கடைகளுக்கெல்லாம் சரக்கு அனுப்பிக்கொண்டிருந்த டைமண்ட் நிறுவனம் ஏப்ரலிலிருந்து பல வாரங்கள் புது இதழ் அனுப்புவதை நிறுத்தியது. அலமாரியில் பழைய அட்டைகளே வெயிலில் வெளுத்தன. டி.சி. நிறுவனம் வேறு விநியோகஸ்தரைப் பிடித்து, தன் நாளையும் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டது. 'செவ்வாயோ வெறுவாயோ' என்பது போல, ரசிகர்களுக்கு அது ஒட்டவே இல்லை. செவ்வாய் பேட்மேன், புதன் ஸ்பைடர்மேன் என்று வாரத்துக்கு இரண்டு நடை யார் நடப்பது? 2024-ல் டி.சி. மறுபடி புதனுக்கே திரும்பியது. டைமண்ட் 2025 ஜனவரியில் திவால் மனு போட்டது.

சித்தி இல்லை, சித்தப்பா இருக்கிறார்

இத்தனைக்கு நடுவில் 2024 ஜனவரியில் ஒரு புதன்கிழமை, கல்யாணக் கட்சிக்காரர்கள் வயிற்றில் பால் வார்த்தார்கள் (முன்னே சொன்ன பால் அல்ல). 'அல்டிமேட் ஸ்பைடர்மேன்' புதிதாகத் தொடங்கியது. எழுத்து ஜோனதன் ஹிக்மன், ஓவியம் மார்கோ கெகெட்டோ. இது வேறொரு உலகத்தில் நடக்கிற தனிக்கதை. அங்கே பீட்டர் முப்பதுகளில் இருக்கிற, கொஞ்சம் தாடி வைத்த மனிதன். மேரி ஜேன் அவன் மனைவி. ரிச்சர்ட், மே என்று இரண்டு குழந்தைகள். சிலந்தி சக்தியே அவனுக்குக் குடும்பஸ்தனான பிறகுதான் வருகிறது. முதல் இதழ் தீர்ந்து தீர்ந்து, மறுபடி மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று.

கூர்ந்து பார்த்தவர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். இந்த உலகத்தில் பென் சித்தப்பா உயிரோடு இருக்கிறார். செத்துப்போனது மே சித்தி. 2007-ல் எந்தச் சித்தியைக் காப்பாற்றக் கல்யாணத்தை விற்றார்களோ, அவள் இல்லாத வீட்டில்தான் அந்தக் கல்யாணம் திரும்பக் கிடைத்திருக்கிறது. கணக்கு நேர் செய்கிறார் ஹிக்மன் என்றார்கள் சிலர். தற்செயல் என்றார்கள் சிலர். அது போதாதா? அன்று கடை மூட நேரமாகியிருக்கும்.

அதே வருஷம் அக்டோபரில் வந்த 'ஆப்சல்யூட் பேட்மேன்' இன்னொரு ரகளை. ஸ்காட் ஸ்னைடர் எழுத, நிக் டிரகோட்டா வரைந்தது. இதில் புரூஸ் வெய்னிடம் மாளிகை இல்லை, பணம் இல்லை. உழைத்துச் சாப்பிடுகிற என்ஜினீயர். அவன் அம்மா மார்த்தா சாகவில்லை. 85 வருஷமாக அநாதையாக இருந்தவனுக்கு அம்மாவைக் கொடுத்ததும் அதுவும் சக்கைப்போடு போட்டது. முகமூடிக்காரர்கள் வீட்டில் சாப்பாடு போட ஆள் இருந்தால் வாசகர்களுக்குப் பிடிக்கிறது போலிருக்கிறது.

'தி அமேஸிங் ஸ்பைடர்மேன்' மட்டும் இன்னமும் தன் வழியில் போய்க்கொண்டிருக்கிறது. "இந்த மாசத்தோட நிறுத்திடறேன்" என்று அந்த 2007 கதை வந்ததிலிருந்தே சொல்லிக்கொண்டு அதை வாங்குகிறவர்கள் அநேகமாக எல்லாக் கடைகளிலும் உண்டு. கடைக்காரர் "சரிங்க" என்று தலையாட்டிவிட்டு, அடுத்த இதழையும் அவர் பெயரிலேயே எடுத்து வைக்கிறார்.