எண்ணில் கலக்கும் இரைச்சல்

நசரத்பேட்டையை அடுத்த செம்பரம்பாக்கம் ஏரியின் முழு ஆழம் 24 அடி. அந்நீர்மட்டத்தை மின்னழுத்தமாக்கி, 12 பிட் கருவியால் எண்ணாக மாற்றுவதாகக் கொள்வோம். ஆழம் 4096 படிகளாகப் பிரியும். ஒரு படி ஏறத்தாழ 1.8 மில்லிமீட்டர். இந்நுட்பம் மெய்தானா என்பதே என் வினா.

சோதனை எளிது. முழு வீச்சுள்ள தூய சைன் அலையைக் கருவியில் செலுத்தி, வெளிவரும் எண்களில் அலையின் ஆற்றலை எஞ்சிய இரைச்சலின் ஆற்றலோடு ஒப்பிடுகிறோம். குறையற்ற கருவியிலும், பின்னத்தை முழு எண்ணாக்குவதால் சிறிது இரைச்சல் உண்டு; எனவே 12 பிட்டுக்கு உச்சவரம்பு 74 டெசிபெல். பிட் ஒன்று குறைந்தால் 6 டெசிபெல் குறையும். 62 மட்டுமே கிடைப்பின், இரண்டு பிட்டுகளை இரைச்சல் விழுங்கிவிட்டது. படியும் 7 மில்லிமீட்டராகிவிட்டது.

மட்டத்தின் சிறு உயர்வைக் கொண்டன்றோ நீர்வரத்தைக் கணித்து மதகைத் திறக்கிறார்கள்! 2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் மறக்கலாமா? இரைச்சல் ஒழுங்கற்றதாயின், 16 அளவீடுகளின் சராசரி அவ்விரு பிட்டுகளையும் மீட்டுத் தரும். அளந்தறிந்த இரைச்சலுக்கே மருந்து உண்டு.