கணிப்பொறி மொழியின் திருத்தப் பதிப்புகள்

புனே நகரின் சிவாஜி நகர்ப் பகுதியில் உள்ள இந்திய வானிலைத் துறை அலுவலகத்தை அவ்வூரார் இன்றும் ‘சிம்லா ஆபீஸ்’ என்றே வழங்குகின்றனர். 1928-இல் இத்துறையின் தலைமையகம் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டமையே இப்பெயருக்குக் காரணம். 1944-இல் தலைமையகம் டில்லிக்குச் சென்றது. எனினும், நாட்டின் மழை அளவுக் குறிப்புகளைத் தொகுத்துப் பேணும் பணி புனேயிலேயே நிலைபெற்றுவிட்டது. 1901 முதல் நாள்தோறும் பெய்த மழையின் அளவை, நாடு முழுவதையும் கால் பாகைக் கட்டங்களாகப் பகுத்துக் காட்டும் தொகுப்பு ஒன்று இங்கு உருவாக்கப்பட்டுள்ளது. இதற்கு அடிப்படையானவை 6,955 மழைமானி நிலையங்களின் குறிப்புகளாகும்.

இத்தகைய தொகுப்பை மனிதர் கையால் கணக்கிட்டு முடித்தல் இயலாது. அதனைப் படித்துச் சராசரி காண்பதற்கு ஆராய்ச்சியாளரும் மாணவரும் கணிப்பொறி மொழிகளை நாடுகின்றனர். அவற்றுள் இன்று மிகுதியாக வழங்குவது, ஹாலந்து நாட்டவரான கீடோ வான் ராசம் என்பவர் 1991-இல் வெளியிட்ட ‘பைத்தான்’ என்னும் மொழியாகும். மழைமானியில் பிழை இருப்பின் குறிப்பிலும் பிழை நேரும் என்பதைக் களப்பணியாளர் நன்கறிவர். கணக்கிடும் மொழியில் நேரும் மாற்றமும் அவ்வாறே விடையைப் பாதிக்கக்கூடும் என்பது அத்துணைப் பரவலாக உணரப்படவில்லை.

பதிப்பு எண்ணின் பொருள்

பைத்தான் மொழியின் ஒவ்வொரு வெளியீடும் மூன்று பகுதிகள் கொண்ட எண்ணால் குறிக்கப்படுகின்றது. 3.10.7 என்பதை எடுத்துக்கொள்வோம். முதற் பகுதியாகிய 3 என்பது மொழியின் தலைமுறையைக் காட்டும். இரண்டாவதாகிய 10 என்பது புதிய வசதிகள் சேர்க்கப்பெற்ற பதிப்பைக் காட்டும். மூன்றாவதாகிய 7 என்பதே திருத்தப் பதிப்பின் வரிசை எண்ணாகும்.

முதல் எண் மாறும்போது மொழியின் அடிப்படை விதிகளே மாறக்கூடும். இரண்டு நாட்களில் பெய்த 7 மில்லிமீட்டர் மழைக்குச் சராசரி காணவேண்டும் எனக் கொள்வோம். 7 என்பதை 2-ஆல் வகுக்குமாறு பணித்தால், இரண்டாம் தலைமுறைப் பைத்தான் பின்னத்தை நீக்கிவிட்டு 3 என விடை கூறும். மூன்றாம் தலைமுறை 3.5 எனக் கூறும். மற்றோர் எடுத்துக்காட்டும் கருதத்தக்கது. ஒரு நாளில் 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெய்தால் மட்டுமே வானிலைத் துறை அதனை ‘மழை நாள்’ எனக் கணக்கிடுகின்றது. 2.5 என்பதை முழு எண்ணாக்குமாறு பணித்தால், பழைய தலைமுறை 3 எனவும், புதிய தலைமுறை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணாகிய 2 எனவும் விடை தரும். முழு எண்ணாக்கிய பின்னரே வரம்புடன் ஒப்பிடும் செயல்நிரல் ஒன்று இருப்பின், பழைய மொழியில் மழை நாளாக இருந்தது புதிய மொழியில் வறண்ட நாளாகிவிடும். வானம் மாறவில்லை, மழைமானியும் மாறவில்லை, கணக்கிடும் விதியே மாறியது. ஒப்பிட்ட பின்னரே முழு எண்ணாக்குதல் வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

திருத்தப் பதிப்பின் இலக்கணம்

மூன்றாவது எண் மட்டும் மாறும் வெளியீட்டில் இத்தகைய மாற்றங்களுக்கு இடமில்லை என்பது பொது விதி. அச்சேறிய பாடநூலில் அச்சுப் பிழைகளைக் களைந்து மறு அச்சிடுவது போன்றதே இப்பணி. பாடம் மாறுவதில்லை; பக்க எண்களும் மாறுவதில்லை. அவ்வாறே, திருத்தப் பதிப்பில் அறியப்பட்ட பிழைகள் நீக்கப்படுகின்றன, விளக்கக் குறிப்புகள் செம்மை செய்யப்படுகின்றன, பாதுகாப்புக் குறைகள் அடைக்கப்படுகின்றன. புதிய வசதி எதுவும் சேர்க்கப்படுவதில்லை.

இவை ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை வெளிவருகின்றன. 3.9 முதல் 3.12 வரையிலான பதிப்புகளுக்கு ஒன்றரை ஆண்டுக் காலமும், 2024-இல் வெளியான 3.13 முதல் இரண்டு ஆண்டுக் காலமும் பிழைத்திருத்தம் செய்யப்படும் என வரையறுக்கப்பட்டது. அதன்பின், முதல் வெளியீட்டிலிருந்து ஐந்து ஆண்டுகள் நிறையும் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வழங்கப்படும். அதற்கும் பிற்பட்ட காலத்தில் அப்பதிப்பைக் காப்பார் எவருமில்லை.

விதிக்கு விலக்கான ஒரு நிகழ்ச்சி

2022 செப்டம்பரில் வெளியான 3.10.7 என்னும் திருத்தப் பதிப்பும், அதனுடன் வெளியான 3.7.14, 3.8.14, 3.9.14 ஆகியனவும் இவ்விதிக்கு விலக்காக அமைந்தன. அதுகாறும் பைத்தான் மொழியில் முழு எண்ணின் நீளத்திற்கு எல்லை வகுக்கப்பட்டதில்லை. நினைவகத்தில் இடம் உள்ளவரை எத்துணைப் பெரிய எண்ணையும் அது கையாளும். இப்பதிப்புகளோ, 4,300 இலக்கங்களுக்கு மேற்பட்ட எண்ணைப் பதின்ம எழுத்து வடிவிற்கு மாற்றவும், அவ்வடிவிலிருந்து எண்ணாக மாற்றவும் மறுத்துவிட்டன.

இதன் காரணத்தை அறிதல் நலம். கணிப்பொறி தன்னுள் எண்களை இரண்டடிமான முறையில் வைத்துக்கொள்கின்றது. மனிதர் படிப்பதற்குப் பத்தடிமான முறைக்கு மாற்றவேண்டியுள்ளது. அப்போது கையாளப்பட்ட மாற்றுமுறையில், இலக்கங்கள் இருமடங்கானால் ஆகும் நேரம் நான்கு மடங்காகும். பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகும். இணையத்தில் பலருக்கும் பணிபுரியும் கணிப்பொறி ஒன்றுக்குத் தீய எண்ணமுடைய ஒருவர் பல இலட்சம் இலக்கங்கள் கொண்ட எண்ணை வேண்டுமென்றே அனுப்பினால், அப்பொறி அதனை மாற்றுவதிலேயே மூழ்கிக் கிடக்கும்; ஏனையோர் வாயிலில் காத்து நிற்கவேண்டியதுதான். சி.வி.இ.-2020-10735 என்னும் எண்ணால் பதியப்பட்ட பாதுகாப்புக் குறை இதுவே.

இம்மாற்றத்தைக் கணித ஆராய்ச்சியாளர் சிலர் ஆட்சேபித்தனர். நேற்றுவரை பிழையின்றி இயங்கிய செயல்நிரல், திருத்தப் பதிப்பை நிறுவியதும் நின்றுவிடுதல் முறையோ என்பது அவர்கள் வினா. மொழியைப் பேணுவோர் கூறிய சமாதானம், கோடிக்கணக்கான பயனாளரின் பாதுகாப்பை முன்னிட்டுச் சிலருக்கு நேரும் இடையூறு தவிர்க்க முடியாதது என்பதாகும். இரு தரப்பிலும் நியாயம் உண்டு. நிலைத்தன்மையும் பாதுகாப்பும் ஒன்றோடொன்று முரணும்போது எதனை விட்டுக்கொடுப்பது என்பதே இங்கு எழுந்த பிரச்சினை. தேவைப்படுவோர் இவ்வரம்பை உயர்த்தவும் நீக்கவும் வழி செய்யப்பட்டமையால் பிணக்கு ஓரளவு தணிந்தது. பின்னர், 2023-இல் வெளியான 3.12 பதிப்பில் பெரிய எண்களுக்கு விரைவான மாற்றுமுறை சேர்க்கப்பட்டது. எனினும் வரம்பு நீக்கப்படவில்லை.

வகுப்பறையில் செய்து காட்டத்தக்க சோதனை

ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எளிதில் விளக்கலாம். 1,500-இன் காரணீயப் பெருக்கத்தை, அதாவது 1 முதல் 1,500 வரையுள்ள எண்களின் பெருக்கற்பலனை, அச்சிடுமாறு பணித்தால் 4,115 இலக்கங்கள் கொண்ட விடை கிடைக்கும். 2,000-இன் காரணீயப் பெருக்கத்தில் 5,736 இலக்கங்கள் உள்ளன. இதனை அச்சிடப் புதிய பதிப்பு மறுக்கும். எல்லையை நுட்பமாகக் காணவேண்டின், 2-இன் 14,284-ஆம் அடுக்கு 4,300 இலக்கங்களுடன் அச்சாகும். 14,285-ஆம் அடுக்கில் ஓர் இலக்கம் மிகுவதால் மறுக்கப்படும்.

இங்கு ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பெருக்கல் மறுக்கப்படுவதில்லை, விடையை எழுதிக் காட்டுவது மட்டுமே மறுக்கப்படுகின்றது. பதினாறடிமான முறையில் கேட்டால் அதே எண் தடையின்றி எழுதப்படும். பதினாறு இரண்டின் அடுக்காதலின், அதற்கு நீண்ட கணக்கீடு வேண்டுவதில்லை.

இலக்கங்களைக் கொண்டு ஆராய்வதற்குப் புனே வழியே வந்த முன்மாதிரி ஒன்றும் உண்டு. அந்நகரின் பெர்குசன் கல்லூரியில் பயின்று, நாசிக்கை அடுத்த தேவ்லாலியில் பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிய த. ரா. கப்ரேகர், 6174 என்னும் எண்ணின் விந்தையைக் கண்டு, 1949-இல் சென்னையில் நடைபெற்ற கணித மாநாட்டில் அறிவித்தார். எல்லா இலக்கங்களும் ஒன்றாக இல்லாத நான்கிலக்க எண்ணின் இலக்கங்களை இறங்கு வரிசையிலும் ஏறு வரிசையிலும் எழுதிக் கழித்து, மீண்டும் மீண்டும் அவ்வாறே செய்தால், ஏழு படிகளுக்குள் 6174 கிட்டும். இதனை மாணவர் செயல்நிரலாக எழுதலாம். திருத்தப் பதிப்பு எதுவும் இதன் விடையை மாற்றாது. மாற்றம் எதனைத் தொடும், எதனைத் தொடாது என்பதைப் பிரித்தறியும் பயிற்சியாகவும் இது அமையும்.

திருத்தத்தை ஏற்காமல் இருந்தால் என்ன?

இடையூறு நேருமென்று அஞ்சிப் பழைய பதிப்பிலேயே தங்கிவிடுதல் நல்வழி அன்று. 2010-இல் வெளியான 2.7 பதிப்பு பத்தாண்டுக் காலம் பேணப்பட்டு, 2020 ஏப்ரலில் 2.7.18 என்னும் இறுதித் திருத்தத்துடன் முடிவுற்றது. புனேக்கு வடக்கே, கோடத் கிராமத்தையொட்டி, 45 மீட்டர் விட்டமுள்ள 30 வானலைக் கிண்ணங்களைக் கொண்ட ராட்சத மீட்டர் அலைத் தொலைநோக்கி இயங்கி வருகின்றது. இதன் பதிவுகளை ஆராய உதவும் ‘காசா’ என்னும் மென்பொருள், ஐந்தாம் பதிப்பு வரை பைத்தான் 2.7-ஐயும், ஆறாம் பதிப்பு முதல் மூன்றாம் தலைமுறையையும் சார்ந்தது. ஆகவே, தொலைநோக்கியை நடத்தும் தேசிய வானலை வானியற்பியல் மையத்தாரும் தம் செயல்நிரல் தொகுப்பைப் புதிய தலைமுறைக்கு ஏற்ப அமைக்க வேண்டியதாயிற்று. சிறு திருத்தங்களை அவ்வப்போது ஏற்போர் சிறுகச் சிறுக உழைப்பர். ஒத்திவைப்போர் ஒருநாள் முழுச் சுமையையும் ஒருங்கே தாங்க நேரும்.

கடைப்பிடிக்கத்தக்க முறைகள்

முதலாவது, கணிப்பொறியில் உள்ள மொழியின் பதிப்பு எண்ணை மூன்று பகுதிகளுடனும் அறிந்து, ஒவ்வோர் அறிக்கையிலும் குறிப்பிடுதல் வேண்டும். மழைமானியின் வகையைக் குறிப்பது போன்றதே இதுவும்.

இரண்டாவது, புதிய திருத்தத்தை நிறுவுமுன் அதனுடன் வெளியிடப்படும் மாற்றப் பட்டியலைப் படித்தல் வேண்டும். பட்டியல் நீண்டிருப்பினும், பாதுகாப்பு என்னும் தலைப்பின் கீழுள்ளவற்றையேனும் நோக்குவது அவசியம். விதிக்கு விலக்கான மாற்றங்கள் பெரும்பாலும் அங்கேதான் இடம்பெறும்.

மூன்றாவது, விடை முன்னரே கையால் சரிபார்க்கப்பட்ட சிறு மாதிரி ஒன்றை வைத்திருத்தல் வேண்டும். ஒரு நிலையத்தின் ஒரு மாத மழைக் குறிப்பு இதற்குப் போதுமானது. அதில் மழையற்ற நாள், குறிப்பு விடுபட்ட நாள், சரியாக 2.5 மில்லிமீட்டர் பெய்த நாள் ஆகிய மூன்றும் அமைந்திருத்தல் நன்று. திருத்தத்திற்கு முன்னும் பின்னும் இம்மாதிரியைக் கணக்கிட்டு விடைகளை ஒப்பிட வேண்டும்.

நான்காவது, ஒரே பணியில் ஈடுபட்டோர் அனைவரும் ஒரே பதிப்பைப் பயன்படுத்துதல் வேண்டும். அவ்வாறன்றி இருவர் இருவேறு பதிப்புகளில் கணக்கிட்டால், விடைகள் வேறுபடும்போது பிழை குறிப்பில் உள்ளதா, மொழியில் உள்ளதா எனத் துணிய இயலாது.

ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, காலைதோறும் மழைமானியின் அருகே சென்று அளந்து எழுதிய எண்ணற்ற ஊழியரின் உழைப்பு அப்புனேத் தொகுப்பில் அடங்கியுள்ளது. அவ்வெண்களை இனி வரும் தலைமுறையினர் இன்னும் எத்தனையோ மொழிகளிலும் பதிப்புகளிலும் கணக்கிடுவர். எந்தப் பதிப்பில் கணக்கிட்டது என்னும் ஒரு வரிக் குறிப்பு, பிற்காலத்தில் ஐயம் எழுமிடத்து விடையைச் சரிபார்க்க உதவும் முதற் சான்றாகும்.